ஏழு துண்டு, திரவம் இல்லை

மட்டக்களப்பு வாவியில் நாலு கிழமை மருந்தை ஊற்றியவன் நான். அந்த நாட்களில் துறையடியில் திரிந்த மீன்களுக்குப் புண் ஏதும் இருந்திருந்தால் நன்றாக ஆறியிருக்கும். ஆற வேண்டிய கால்தான் ஆறவில்லை. இதை விசாரணைக் குழுவிடம் நான் சொன்னபோது, தலைவர் பேனாவை மூடிவிட்டு, "மீன்களைப் பற்றிய தரவு எங்களிடம் இல்லை" என்றார். ஆகவே அறிக்கையில் அது இடம்பெறவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆண்டு தொண்ணூற்றொன்பது. எங்கள் நிலையத்தின் முழுப்பெயர் தூண்டல் துலங்கல் மருந்து ஆய்வு நிலையம். பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் எழுதப்பட்டு, முன்சுவரைவிட ஒரு முழம் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சனம் அதை 'ஜெல் கந்தோர்' என்றது. ஒரு குளிர்நாட்டின் உதவியில், வாவிக்கரையில் ஒரு மாடிவீட்டைத் திருத்தி அதைத் திறந்திருந்தார்கள். சுவரில் துவக்குச் சன்னம் பட்ட ஓட்டைகள் இருந்தன. மேசன் அவற்றைப் பூசப் போனபோது எங்கள் பணிப்பாளர் டாக்டர் அருமைநாயகம் ஓடிவந்து தடுத்தார். உதவி தருகிறவர்கள் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க விரும்புவார்களாம்.

என் பெயர் வினாயகமூர்த்தி. பதவி, களத் தொடர்பு உத்தியோகத்தர். பார்சல் தூக்குகிறவன் என்று அர்த்தம்.

ஜெல் என்பது பார்வைக்கு நுங்கு மாதிரி ஒரு சாமான். காய்ந்த துண்டை மருந்துத் தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு கொழுகொழுவென்று ஊதும். குளிரான இடத்தில் அப்படியே இருக்கும். உடம்புச் சூடு பட்டால் சுருங்கி, உள்ளே பிடித்து வைத்திருந்த மருந்தை வெளியே விடும். புண்ணில் வைத்துக் கட்டினால், உடம்பு எவ்வளவு சுடுகிறதோ அதற்கேற்ப மருந்து இறங்கும். ஒன்றும் பொய் இல்லை, அருமையான சாமான்தான். இவ்வளவு அருமையான சாமானை எங்கள் கையில் கொடுத்தது மட்டும்தான் பிழை.

மேல்மாடியில் 'செய்துகாட்டும் அறை' என்று ஒன்று இருந்தது. ஊரில் கரண்ட் இல்லாத நேரத்திலும் ஜெனறேற்றர் போட்டு அந்த அறையை இருபது பாகையில் வைத்திருப்போம். கீழே ஆய்வுகூடத்தில் ஊழியர்கள் வியர்த்து வழிவார்கள். மேலே போகிறவர்களுக்கு நிலையத்தின் ஒரேயொரு சுவெட்டர் வழங்கப்படும். அதற்கு ஒரு பதிவேடு. யார் போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது, கழற்றும்போது பொத்தான்கள் சரியா என்று மூன்று கையொப்பம். விருந்தாளிகள் வந்தால் நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு, ஊதிய ஜெல் துண்டு ஒன்றை வெந்நீர்க் கிண்ணத்தில் மெதுவாக இறக்குவேன். துண்டு சுருங்கும். சிவப்புத் தண்ணீர் கிண்ணத்தில் பரவும். எல்லாரும் கைதட்டுவார்கள். மருந்துக்கு உண்மையில் நிறம் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம் கலந்திருந்தோம். இந்தக் காட்சியை நாற்பது தடவையாவது நடத்தியிருப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

திறப்பு விழாவில் பணிப்பாளர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று பேசினார்.

"இந்த ஜெல்லுக்கு அறிவு உண்டு! உடம்பின் சூட்டைத் தானாகவே உணரும். உணர்ந்த அந்தக் கணமே, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், எவரிடமும் கையொப்பம் கேட்காமல், தேவையான இடத்தில் தேவையானதைச் செய்யும். இப்படி ஓர் ஊழியன் என் நிலையத்தில் இருந்தால்..." இந்த இடத்தில் அவர் சிரித்தார். "அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தியிருப்பேன்."

சபை சிரித்தது. நாங்கள் ஊழியர்களும் சிரித்தோம்.

ஆய்வுக்கு முப்பது நோயாளிகள் வேண்டும். வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து நாற்பத்தொரு பேர் புண்ணோடு வந்தார்கள். விண்ணப்பம் பதினாறு பக்கம். பிறப்புச் சாட்சிப் பத்திரம் யுத்த ஓட்டத்தில் தொலைந்துபோன பதினெட்டுப் பேர், உடம்பும் புண்ணும் நேரில் இருந்தும், பிறந்ததற்கு ஆதாரமில்லாததால் விலக்கப்பட்டார்கள். நிரந்தர முகவரி இல்லாதவர்கள் பதின்மூன்று பேர். நேர்முகத் தேர்வு நடந்த அன்று துறையை மூடிவிட்டதால் வர முடியாமல்போனவர்கள் ஒன்பது பேர். விண்ணப்பம் நிரப்பி முடிக்குமுன் புண் ஆறிவிட்டவர் ஒருவர். அவரைப் பணிப்பாளர் கடைசிவரை மன்னிக்கவில்லை. கழித்துப் பார்த்தால் கையில் நின்றது யாருமில்லை. கடைசித் தேதிக்குப் பிறகு நானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஒருவர்தான் மிச்சம்.

"ஒருவர் போதும். வீதம் கணக்கிட இலகுவாக இருக்கும்" என்றார் பணிப்பாளர்.

அந்த ஒருவர் சின்னத்தங்கம். ஐம்பத்தைந்து வயது. வாவிக்கு அந்தப் பக்கம், வட்டைக்கரையில் அவருக்கும் அவரைக் கட்டிய புரியன் கோணாமலைக்கும் ஒரு குடிசை, இரண்டு ஏக்கர் வயல். வரம்பு செதுக்கும்போது மண்வெட்டி இடது புறங்காலில் விழுந்திருந்தது. சீனி வருத்தக்காரி, நீரிழிவு. ஆனபடியால் சின்னக் காயம் பெரிய புண்ணாகிவிட்டது. ஒன்றுவிட்ட ஒரு நாள் பாதை என்கிற மிதவையில் ஏறி, ஊர்வாயில் ஆறு என்று வழங்கும் வாவியைக் கடந்து, சென்ரி என்கிற சோதனைச் சாவடி வரிசையில் அரை நாள் நின்று, டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொண்டு போவார். ஐந்தாறு மாதமாக அதைத் தவறாமல் செய்துகொண்டிருந்தார். சின்னவிரல் பக்கமாகத் தோல் வந்து மூடத் தொடங்கியிருந்தது. நான் போய்க் கதைத்தபோது அதை என் கண்ணால் பார்த்தேன்.

"பெரியம்மா, இனி நீங்க இப்பிடி ஆறு கடந்து அலையத் தேவையில்ல. கிழமைக்கு ஒருக்கா நான் மருந்தைக் கொண்டு வந்து தாறன். ஏழு துண்டு. நாளைக்கு ஒண்டா வைச்சுக் கட்டினாச் சரி."

"அப்ப ஆசுபத்திரியில கட்டுறது?"

"அதை நிப்பாட்டோணும். நாலாவது நிபந்தனை."

"என்னத்துக்கு மனே? இப்பதானே கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டு வருது."

"ரெண்டு மருந்தும் போட்டா, எதால சுகப்பட்ட எண்டு எழுத ஏலாது பெரியம்மா."

"எதால எண்டாலும் சுகப்பட்டாச் சரிதானே?"

இந்தக் கேள்விக்கு விண்ணப்பத்தில் இடமில்லை. பதினாறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, இது வெளிநாட்டுச் சாமான், உடம்புச் சூட்டைத் தானே அறிந்து மருந்து விடும் என்று பணிப்பாளரின் பேச்சையே ஊர்ப்பேச்சில் சொன்னேன். கோணாமலை வாங்குப் பலகையில் இருந்தபடி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி படிச்ச பொடியன். நமக்குப் பொய் சொல்லி அதுக்கு என்ன வரப்போகுது? வையன் கையெழுத்த" என்றார். சின்னத்தங்கம் கொஞ்சம் யோசித்தார். "சென்ரி வெயிலுக்க நிக்கத் தேவையில்லெண்டா அதுவே பாதிச் சுகம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பெயரை எழுத்துக் கூட்டி முழுவதுமாக எழுதினார். எழுதி முடிய நான் நன்றி சொன்னேன்.

அடுத்தது அனுமதிப் பத்திரம். படுவான்கரைக்கு மருந்து கொண்டுபோவதென்றால் நாலு கந்தோர் ஏற வேண்டும். நாலாவது கந்தோரில் எழுதுவினைஞர் கேட்டார்: "திரவம் ஏதும் இருக்குதா?" நான் செய்துகாட்டும் அறையை நினைத்துக்கொண்டு, இல்லை என்றேன். அந்த அறையின் குளிரில் வைத்த துண்டிலிருந்து திரவம் கழன்றதில்லைத்தான். அவர் எழுதினார்: "ஜெல் துண்டு ஏழு. திரவம் இல்லை." எழுதி, சீல் அடித்து, சீலுக்கு மேல் கையொப்பம் வைத்து, கையொப்பத்துக்கு மேல் இன்னொரு சீல் அடித்தார்.

ஜெல்லோடு வந்த துண்டுப்பிரசுரத்தில், இருபத்தைந்து பாகைக்கு மேற்படாத அறை வெப்பநிலையில் வைக்கவும் என்று போட்டிருந்தது. வெளியே கச்சான் என்கிற சுடுகாற்று அடிக்கும் காலம். நிழலிலேயே முப்பத்தைந்து. ஐஸ் பெட்டி வேண்டும் என்று நான் கேட்டதற்கு நிலையத்தின் தொழில்நுட்பக் குழு ஒன்றரை மணித்தியாலம் கூடியது. ஐஸ் புறப்படும்போது திண்மம், போய்ச் சேரும்போது திரவம், அனுமதிப் பத்திரத்தில் திரவம் இல்லை, ஆகவே ஐஸ் இல்லை என்று முடிவானது. வெப்பநிலையைப் பற்றிக் கேட்டேன். "அறை வெப்பநிலை என்றால் அறையில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் பொருள். எங்களிடம் அறை இருக்கிறது. அந்த நிபந்தனை பூர்த்தியாகிவிட்டது" என்றார் பணிப்பாளர். கூட்டக்குறிப்பில் அதற்குப் பாராட்டு பதியப்பட்டது.

முதல் கிழமை அகன்ற வாய்ப் போத்தலில் மருந்து உறிஞ்சி ஊதிய ஏழு துண்டையும் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். மூன்று மணித்தியாலம் வரிசை. என் முறை வந்தபோது ஏழு துண்டும் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. போத்தலில் பாதிக்குத் தண்ணீர்.

சாவடியில் நின்ற இராணுவக் கோப்ரல் அனுமதிப் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"ஜெல் ஏழு. எண்ணினது, சரி. இது என்ன தண்ணி?"

"அது ஜெல்லுக்குள்ள இருந்து வந்தது சேர்."

"பேப்பரில தண்ணி இல்லை. தண்ணி சரி எண்டா பேப்பர் பொய். பேப்பர் சரி எண்டா தண்ணி பொய். எது பொய்?"

நாலு கந்தோர் சீலை நினைத்துப் பார்த்தேன். "தண்ணிதான் சேர்" என்றேன்.

"அப்ப ஊத்து."

வாவியில் ஊற்றினேன். பேப்பரும் போத்தலும் ஒத்துவந்தன. கோப்ரல் வழிவிட்டார்.

அன்று செய்தது பிழைதான். ஆனாலும் துவக்குப் பிடித்தவன் சொன்னான், செய்தேன் என்று ஒரு நியாயம் இருந்தது. இரண்டாம் கிழமை அந்த நியாயமும் இல்லை. மூன்று மணித்தியாலம் நின்றுபோட்டுக் கடைசியில் அந்தக் கோப்ரலுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. வரிசையில் சேருமுன், துறையடிக் கல்லில் குந்தி, ஒரு துண்டும் விழாமல் விரலால் அணை கொடுத்து, போத்தலைச் சரித்துத் தண்ணீரை வடித்தேன். சோறு வடிப்பது போலப் பக்குவமாக வடித்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவுமில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இது பழகிப்போயிருந்தது. கேட்குமுன்னே அடையாள அட்டையை நீட்டுவோம். இறங்கச் சொல்லுமுன்னே சைக்கிளை விட்டு இறங்குவோம். சாவடியை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதமான வெறும் சந்தியிலும் இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஏறுவோம். நல்ல பிள்ளைகள். மூன்றாம் கிழமையும் நாலாம் கிழமையும் நான் நல்ல பிள்ளையாகவே வடித்தேன். வரிசையில் முதுகு நிமிர்ந்து நின்றேன். போத்தலில் ஏழு துண்டு, திரவம் இல்லை.

சின்னத்தங்கம் அந்தக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்.

"இது என்ன மனே, றப்பர் மாதிரி இரிக்கி. புண்ணில ஒட்டவும் மாட்டெங்குது."

"அது அப்பிடித்தான் பெரியம்மா. உள்ளுக்க வேலை நடக்கும்."

"மணமும் கொஞ்சம் வருது."

"பழசு கழண்டு வாற மணமா இரிக்கும்."

வாராந்தப் படிவத்தில் நோயாளியின் கருத்து என்ற இடத்தில் 'ஒத்துழைப்புத் திருப்திகரம்' என்று எழுதினேன். அவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

நாலாம் கிழமை முடிய, வெறும் போத்தலைக் கழுவக் கொண்டுபோய் ஆய்வுகூட உதவியாளர் மர்சூக்கிடம் கொடுத்தேன். ஏறாவூர்க்காரன். அளவாகப் பேசுவான். சும்மா கதையாக, துறையடியில் தண்ணீரை வடித்துவிட்டுப் போவதால் இப்போது சாவடியில் ஒரு கரைச்சலும் இல்லை என்று சொன்னேன். அவன் கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்துவிட்டான்.

"என்னத்த வடிச்ச?"

"அந்தத் தண்ணியத்தான்."

"மூர்த்தி, அதுதான்டா மருந்து. கரும்பப் புழிஞ்சு சாற ஆத்துல ஊத்திப்போட்டுச் சக்கையக் கொண்டுபோய்க் குடுத்திரிக்காய். நாலு கிழமையுமா?"

அவன் விரலால் மேல்மாடியைக் காட்டினான்.

"மேல நிண்டு சுவெட்டரும் போட்டுக்கிட்டு நீதானே காட்டுற, சிவப்பாக் கழண்டு வாறது என்ன எண்டு?"

நாற்பது தடவை காட்டியவன் நான். சிவப்பாக இருந்தபோது மருந்தென்று தெரிந்தது. நிறமில்லாமல் வந்தபோது வெறும் தண்ணீராகத் தெரிந்தது. இது ஒரு சாட்டு. ராத்திரி படுத்தால் இந்தச் சாட்டு எனக்கே போதாமல் இருக்கிறது.

அன்றே பணிப்பாளரிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. உடனே குழுவைக் கூட்டிப் பேசினார்.

"இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? ஜெல் சூட்டை உணர்ந்ததா? உணர்ந்தது. மருந்தை விட்டதா? சொட்டு மிச்சமில்லாமல் விட்டது. குளிர்நாட்டில் எண்பத்தாறு வீதம்தான் கண்டார்கள். நாங்கள் நூறு வீதம் கண்டிருக்கிறோம்! இடம் ஒன்றுதான் மாறியிருக்கிறது. எங்கள் ஜெல் மட்டக்களப்பு முழுவதையும் ஒரே நோயாளியின் உடம்பாக எண்ணியிருக்கிறது. அதன் பரந்த மனத்தை நான் பாராட்டுகிறேன்."

குழு கைதட்டியது.

"சேர், அந்த அம்மாட கால்..."

"கால் என்பது இரண்டாம் நிலை விளைவு."

"திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டச் சொல்லட்டா சேர்?"

"நான்காம் நிபந்தனையை நாங்களே மீறுவதா? தம்பி, கால் கெட்டால் பார்க்க வைத்தியர்கள் இருக்கிறார்கள். தரவு கெட்டால் யார் பார்ப்பது?"

அனுமதிப் பத்திரத்தைத் திருத்திக்கொண்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். திரவம் இல்லை என்பதைத் திரவம் இருக்கலாம் என்று மாற்ற வேண்டும். நாலாவது கந்தோர் எழுதுவினைஞர் மறுத்தார். "இருக்கலாம் எண்டு ஒண்டு இல்லை. இருக்கு, இல்லை, ரெண்டில ஒண்டு." காலையில் இல்லை, மத்தியானம் இருக்கும் என்றேன். அப்படியானால் காலைக்கு ஒரு பத்திரமும் மத்தியானத்துக்கு ஒரு பத்திரமும் எடுக்கும்படி சொன்னார். ஒரே பொருளுக்கு இரண்டு பத்திரம் எடுப்பது குற்றம் என்றும் அவரே சொன்னார். இப்படி இரண்டு கிழமை போனது. அந்த இரண்டு கிழமையும் சின்னத்தங்கத்துக்குச் சக்கைகூடப் போகவில்லை.

இந்த இடத்தில் வேகமாகக் கடந்துபோகத்தான் மனம் வருகிறது. இரண்டு கிழமையில் ஒரு நாள், வெறுங்கையோடு, நான் பாதையேறிப் போயிருக்கலாம். "பெரியம்மா, கையெழுத்தை மறந்துபோட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, என் வாயால் என் பிழையைச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஏதோ செய்துகொண்டிருப்பது மாதிரி இருந்தது.

ஏழாம் கிழமை, திருத்தாத பழைய பத்திரத்தோடு, தண்ணீரை வடிக்காமல் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என்ன வந்தாலும் ஊற்றுவதில்லை என்ற முடிவு. கோப்ரலிடம் சொல்லச் சிங்களத்தில் ஆறு வசனம் பாடமாக்கியிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கையில் தேன் போத்தல். அவருக்கு முன்னால் ஒரு பெண், நல்லெண்ணெய் போத்தல் இரண்டு வைத்திருந்தார். இருவரும் போய்விட்டார்கள். சாவடியில் வேறொரு சிப்பாய் நின்றான். போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"மருந்தா?"

"ஓம் சேர்."

"போங்க, போங்க."

நான் நகரவில்லை. பாடமாக்கிய ஆறு வசனத்துக்கும் வேலை வரவில்லை. முன்னர் நின்ற கோப்ரல் எங்கே என்று கேட்டேன்.

"அவர் மாத்தல். ஒண்டரை மாசம். இப்ப தண்ணி, எண்ணெய் ஒண்டும் பாக்கிறது இல்லை. போங்க."

ஒன்றரை மாதம் என்றால் நான் முதல்முறை ஊற்றிய அதே கிழமை. அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் என் போத்தலை மறிக்க யாருமே இருக்கவில்லை. பாதையில் ஏறினேன்.

சின்னத்தங்கத்தின் வேலியடியிலேயே மணம் வந்துவிட்டது. குடிசைக்குள் பாயில் கிடந்தார். சின்னவிரல் பக்கம் மூடியிருந்த தோல் இல்லை. பாதம் கணுக்கால் வரை கறுத்திருந்தது. கோணாமலை என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தார், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வந்திட்டியா தம்பி. பத்து நாளாக் காய்ச்சல். ஆசுபத்திரிக்கு வா எண்டு காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டன். மாட்டனாம். கந்தோருக்குக் கையெழுத்து வைச்சிட்டன், அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லு மாறினா அதுக்குத்தான் ஏச்சு விழும் எண்டுட்டுக் கிடக்கா. நீ சொல்லு, நீ சொன்னாக் கேப்பா."

சொன்னேன். கேட்டார். உடனே எழும்ப முயன்றார். ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்து பாதையேற்றினோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நிலையம் விசாரணைக் குழு அமைத்தது. மூன்று அமர்வு. கழிவுத் திரவத்தை அப்புறப்படுத்தும்போது நிரப்ப வேண்டிய படிவத்தை நான் நிரப்பவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி ஒரு படிவம் இல்லாததும் கண்டுபிடிக்கப்பட்டது. படிவம் அச்சிடப்பட்டு, முந்திய தேதியிட்டு, நாலு பிரதி என்னிடம் நிரப்பி வாங்கப்பட்டன. இரண்டாம் கட்ட ஆய்வுக்கு உதவி உறுதியான அன்று செய்துகாட்டும் அறையில் தேநீர் விருந்து வைத்தார்கள். பணிப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இறுதி அறிக்கையைக் காட்டினார். 'விடுவிப்பு நூறு வீதம். யுத்தச் சூழல் காரணமாக மருந்து உரிய இடத்தைச் சென்றடைவதில் தடங்கல்.'

"சேர், சாவடியில ஒரு கிழமைதான் மறிச்சவங்க. மற்ற மூண்டு கிழமையும்..."

"யுத்தம் என்று ஒரு சொல் போட்டால் போதும் தம்பி. அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த யுத்தம் மட்டும் இல்லாவிட்டால் எத்தனை பிழைக்கு நாங்கள் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டிவரும், யோசித்துப் பார்!"

இப்படியும் ஒரு மனிதனா என்று நினைத்தேன். சுவெட்டரைக் கழற்றி, பதிவேட்டில் கையொப்பம் வைத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

பெண்கள் வாட்டில் சின்னத்தங்கம் தலையணையில் சாய்ந்திருந்தார். கோணாமலை கட்டிலுக்குக் கீழே நிலத்தில், கையில் சோற்றுப் பார்சலோடு இருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியோடு தட்டையாகப் படிந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினேன்.

"பெரியம்மா, நான் கொண்டுவந்து தந்த துண்டில மருந்து இரிக்கல்ல. நாலு கிழமையும் இரிக்கல்ல. வாற வழியில சூட்டுக்கு மருந்தெல்லாம் தண்ணியாக் கழண்டிட்டு. அந்தத் தண்ணிய நான் ஆத்துல ஊத்திட்டன்."

அவர் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார்.

"ஏன் மனே ஊத்தின?"

வாயைத் திறந்தேன். அதற்குள் கோணாமலை கீழேயிருந்து சொன்னார்: "இதென்ன கேள்வி? சென்ரியில ஆமிக்காரன் ஊத்தச் சொல்லியிருப்பான். நமக்குத் தெரியாததா?"

"அப்பிடியா மனே?"

"ஓம் பெரியம்மா."

"நாலு தரமுமா சொன்னவங்க?"

எதிர்க்கட்டிலில் யாரோ இருமினார்கள். மூன்று தரம் நானாகவே ஊற்றினேன் என்ற வசனம் நாக்கில் முழுதாக இருந்தது.

"ஓம் பெரியம்மா. நாலு தரமும்."

அவர் கையை நீட்டி என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன செய்வாய் மனே. துவக்கோட நிண்டு சொன்னா ஊத்தத்தானே வேணும். உன்னில ஒரு பிழையுமில்ல." பிறகு புரியனைப் பார்த்து, "இந்தப் பிள்ளைட முகத்தப் பாருங்க. இத நினைச்சு நினைச்சு ஒண்டும் திண்டிருக்காது. அந்தப் பார்சலப் பிரிச்சு முதல்ல அதுக்குக் குடுங்க" என்றார்.

கோணாமலை பிரித்துக் கொடுத்தார். சோறும் மீன் குழம்பும். சின்னத்தங்கம் என் கையை விடவில்லை. மற்றக் கையால் நான் அதை முழுவதும் சாப்பிட்டேன்.